புழல் பொன்னியின் பாஸ்போர்ட்

அனுப்புநர்:
ப. கார்குழலி (வயது 34),
த/பெ. பகலவன்,
குப்பத்தை ஒட்டிய தெரு,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு காவல் உதவி ஆணையர் அவர்கள்,
எங்கள் சரகம்,
வட சென்னை.

பொருள்: பாஸ்போர்ட் விசாரணை – குஸ்தி மேடையில் நான் போடும் வேடத்தை என் நடத்தையாக எழுதியது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் தொழில்முறை குஸ்தி வீராங்கனை. மாவட்ட அளவில் கபடி ஆடிக்கொண்டிருந்த என்னை ராயபுரம் பிராங்கிளின் அண்ணன் தம் குஸ்தி கம்பெனியில் சேர்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோயில் திருவிழா, தொழிற்சாலை ஆயுத பூஜை, சங்க ஆண்டு விழா என்று கூப்பிடும் இடத்தில் ரிங் கட்டி ஆடுகிறோம். அங்கே என் பெயர் 'புழல் பொன்னி'. கைதிபோல வெள்ளைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து, மைக்கைப் பிடித்து, "ஜெயில்லேர்ந்து நேரா வந்துகினு கீறேன், எவ கைய ஒடைக்கணும் சொல்லு" என்பேன். கூட்டம் திட்டும். கூட்டம் திட்டாவிட்டால் பிராங்கிளின் அண்ணன் திட்டுவார். உண்மையில் நான் புழலுக்குப் போனது ஏரி நிரம்பியபோது வேடிக்கை பார்க்க மட்டுமே.

2. எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்போம். இதை வெளியே சொல்லக் கூடாது. தங்களிடம் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். முடிவில் என்னை எப்போதும் தோற்கடிக்கும் நல்லவளாக வருபவள் மாத்தூர் மகிழினி. ரிங்குக்கு வெளியே நல்லவளும் கெட்டவளும் ஒன்றாகக் கண்ணில் படக் கூடாது என்பது இந்தத் தொழிலின் கட்டுப்பாடு. ஆட்டம் முடிந்தால் அவளைப் பஸ் ஏற்றிவிடக்கூட நான் நிற்பதில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது, வார்டில் யாரும் அடையாளம் காணாதபடி முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் குழந்தை அலறியது வேறு விஷயம்.

3. மார்கழித் தொடக்கத்தில் நடந்த ஆட்டத்தில் அவள் கையை நான் ஒடிப்பதாகக் கதை. பொங்கல் ஆட்டத்தில் அவள் என்னைப் பழிவாங்க வேண்டும். அதுவரைக்கும் மகிழினி கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்கும் போகிறாள், தண்ணீர் லாரிக்கும் போகிறாள். உள்ளே எறும்பு புகுந்துவிட்டது என்று போனில் ஒரே புலம்பல். கட்டுக்குள் இருப்பது நல்ல கை. நான் அவளைத் தூக்கி எறியும்போது அவள் பின்கழுத்து என் உள்ளங்கையில் இருக்கும். இன்றுவரை அவளுக்கு ஒரு சுளுக்குகூட நான் வரவிட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

4. இந்நிலையில் மலேசியாவில் ஆட எனக்கு அழைப்பு வந்துள்ளது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதால் முதன்முறையாக நல்லவளாக வரப்போகிறேன். என் அம்மா கோவிந்தம்மா இதுவரை என் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பெற்ற பெண்ணை ஊரே ஏசுவதை உட்கார்ந்து கேட்க அவளால் முடியாது. எனக்குக் கைதட்டும் ஒரு கூட்டத்தில் அவளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இருவருக்கும் சேர்த்து பாஸ்போர்ட் விண்ணப்பித்தேன்.

5. விசாரணைக்கு வந்த காவலர் தம் கடமையில் குறை வைக்கவில்லை. முதலில் எங்கள் தெருமுனை டீக்கடையில் கேட்டிருக்கிறார். "பேஜாரு பொம்பள சார் அது. மாத்தூர் பொண்ணு கைய ஒடச்சிட்டு சிரிச்சிகினே போச்சு" என்று அங்கிருந்தவர்கள் சொல்லி, செல்போனில் படத்தையும் காட்டியிருக்கிறார்கள். அவர் அதோடு விடாமல் மாத்தூருக்கே போய் மகிழினியைக் கேட்டார். கட்டுப் போட்ட கையோடு கடைவாசலில் நின்றவளைச் சுற்றி ரசிகர்கள். வேறென்ன சொல்வாள்? "அவ தான் சார் ஒடச்சா. வெளிய வுட்டு வெச்சா இன்னும் நாலு பேர் கைய ஒடைப்பா. பொங்கலுக்கு நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அடிபட்டவளே சொன்ன பிறகு காவலரைக் குறை சொல்லி என்ன பயன்? என்மேல் ஒரு வழக்கும் இல்லாதபோதும் நடத்தை சரியில்லை என்று அறிக்கை போய், என் பாஸ்போர்ட் நின்றுவிட்டது. அம்மாவுடையது தபாலில் வந்து சேர்ந்துவிட்டது.

6. மகிழினிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். விஷயம் தெரிந்ததிலிருந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே மாவுக்கட்டை உடைத்துக் காட்டுகிறேன் என்று அழுகிறாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். ஊர் முன்னால் கட்டை உடைத்துவிட்டால் அதற்குப் பிறகு யார் எங்களை நம்பித் திட்டுவார்கள், யார் கைதட்டுவார்கள்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் விமானத்துக்கென்று சேலை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

7. ஆகவே ஐயா அவர்கள் மறுவிசாரணைக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மகிழினி தன் கையை எந்த அரசு மருத்துவரிடம் வேண்டுமானாலும் காட்டச் சம்மதிக்கிறாள். முடியுமானால் அவளைக் காலையிலும் என்னை மாலையிலும் தனித்தனியாக அழைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காவல் நிலையத்துக்கு எதிரிலும் ஒரு டீக்கடை இருக்கிறது.

8. அது முடியாது, இருவரையும் ஒன்றாக வைத்து விசாரித்தால்தான் உண்மை தெரியும் என்று தாங்கள் கருதினால் சொல்லி அனுப்புங்கள், சேர்ந்தே வருகிறோம். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். தொழில் போனாலும், என்னை நம்பித் தன் கழுத்தைக் கொடுப்பவளோடு ஊரறிய ஒரே பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்தேன் என்றாவது இருக்கும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ப. கார்குழலி

இடம்: திருவொற்றியூர்
நாள்: 05.01.2026