துடுப்பு வெட்டிய கெண்டைகள்

உன் மீன்கள் சாகவில்லை. நீ வெட்டிய காயத்தில் சீழ் பிடித்து எல்லாம் செத்தன என்று மீன்துறை அதிகாரி சொன்னது பொய். இன்று காலை அணைக்கட்டுக்குக் கீழே, பாசி வாடை அடிக்கும் ஒரு கெண்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வயிற்றுப் பக்கம் இடது துடுப்பு இல்லை. அடியோடு வெட்டுகிற உன் வெட்டு.

தாமிரபரணியில் அற்றுப்போய்க்கொண்டிருந்த கெண்டையை நீயும் நானும் அரசு மீன்பண்ணைத் தொட்டியில் பொரிக்கவைத்து ஆற்றில் விட்டோம். பிழைத்தது எத்தனை என்று பின்னால் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு துடுப்பை வெட்டினாய்.

"தூத்துக்குடியில புதுத் துறைமுகத்துக்கு ஆளெடுக்கான். நீ இங்கன மீனுக்கு முடி வெட்டுதியேலே" என்பேன்.

"சவரமும் பண்ணுவேன், ஒம் மூஞ்சியக் காட்டு" என்பாய்.

துடுப்பு வெட்டிய மீன் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லி தாலுகா ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷில். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று நீ கேட்டாய். "வலை வீசுதவங்கிட்டல்லாம் போயிக் கெஞ்சணுமாக்கும்?" என்றார் அதிகாரி. ஒரு மீனும் வரவில்லை. தொட்டிகளைக் காயவிட்டார்கள். உன் கைதான் கொன்றது என்று உன் அம்மாவின் காதுபடவே சொல்லி, வேலையை விட்டு அனுப்பினார் அவர். துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தாய். மஞ்சள் காமாலையில் கிடந்தபோதும், "எங் கைதாம்லே கொன்னுருக்கும்" என்றாய். அதை நம்பியே போய்ச் சேர்ந்தாய்.

இன்று ஒரு வலைக்காரர் அந்தக் கெண்டையைக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரில் விடப்போனார். வாங்கிப் பார்த்து, ஏன் என்று கேட்டேன்.

"கெடாக்குட்டிக்குக் காத வெட்டி சாமிக்கு நேந்து விடுதோம்லா தம்பி? அது மாதிரி எவனோ இதுக்குச் செட்டைய வெட்டி விட்டுருக்கான். தின்னா வெளங்குமா?"

"இது ஒண்ணுதானா அண்ணாச்சி?"

"நல்லாக் கேட்ட போ. வலைக்கு வலை வருது. இந்தக் கரையில எவனும் தொட மாட்டான்."

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கரையில் இறங்கி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மீனை நானே விட்டேன். அது திமிறிய வேகம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நேரே ஆபீசுக்குப் போய் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டுவிட்டு, தொட்டிகளில் மறுபடி தண்ணீர் விடலாம் என்றார்.

"தொட்டியப் பொறவு பாப்போம் சார். தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில அவன் அம்மா இருக்கா. இப்பவே எங்கூட வாங்க. ஒங்க மவன் கை ஒண்ணையும் கொல்லலன்னு ஒங்க வாயால அவகிட்டச் சொல்லுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் எழுந்து வரும்வரை போவதில்லை என்று எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.