மழைக்குப் பிந்தைய கடல்

மச்சான்,

இன்று காலை சிதம்பரத்தில், எங்கள் ஆய்வகத்து இன்குபேட்டரைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. தட்டுகளில் கிருமி மண்டி வளர்ந்தால் வருமே, அந்த வாடை. கடலூரிலிருந்து நேற்று நானே எடுத்து வந்த கடல் தண்ணீர்தான். நீ இருந்தவரை அது உன் வேலை. பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வருவாய். கண்டக்டர் மீன் என்று நினைத்து லக்கேஜுக்குக் காசு கேட்பார். "மீனு இல்ல சார், கடலு" என்பாய்.

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கடலில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நீ. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு உன் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். அப்போதுதான் முதல் பாட்டிலோடு என்னிடம் வந்தாய். மலத்தில் இருக்கும் கிருமி, குளிக்கவே கூடாத அளவுக்கு ஜாஸ்தி என்று மறுநாள் சொன்னேன். "வாயத் தொறந்து மூச்சு வாங்குங்கன்னு நான்தானடா சொன்னேன்" என்றாய்.

அன்றோடு வகுப்பை நிறுத்தினாய். மழை பெய்து, சாக்கடை வாய்க்கால் கடலில் போய் விழும் நாட்களில் கரையில் நீயே ஒரு சிவப்புக் கொடியை நட்டாய். அதை முதலில் பிடுங்கியவர் பஜ்ஜிக் கடைக்காரர். "லீவு நாள்ல கொடிய நட்டா எங்க பொழப்பு இன்னா ஆவறது சார்?" என்று கேட்டார். அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்தாய். எல்லா இடத்திலும் உட்காரவைத்துப் பேசி மரியாதையாகவே அனுப்பினார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்தது. குளிக்க வந்தவர்கள் அதில் துண்டைக் காயப்போட்டார்கள்.

உனக்குச் சர்க்கரை உள்ள உடம்பு. காலில் சிப்பி கிழித்த காயத்தோடு தண்ணீரில் இறங்காதே என்றேன். "ஓரத்துல மொண்டா ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்கடா. பசங்க குளிக்கிற எடத்துலதான் எடுக்கணும்" என்று இடுப்பளவு ஆழத்துக்குப் போனாய். பொங்கலுக்குள் கால் வீங்கிக் கறுத்துவிட்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் தண்ணீரைச் சோதிக்கிற என்னாலும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கடைசியாக ஒன்றுதான் கேட்டாய்: "இன்னிக்கி பசங்க எறங்கிட்டாங்களா?"

இல்லை என்றேன். அன்று காணும் பொங்கல், மச்சான். கடற்கரை நிரம்பி வழிந்தது.

நேற்று பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் இறங்கினேன். பக்கத்தில் ஒருவர் தன் சின்ன மகளை அலையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி சரியில்ல சார், கொழந்தைய எறக்காதீங்க."

"எல்லாரும்தான குளிக்கிறாங்க?" என்று சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குழந்தையைத் தலையோடு முக்கி எடுத்தார். அது கைகொட்டியது.

திரும்பும் வழியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு சொன்னத யாருமே கேக்கலையேண்ணே. அப்புறம் எதுக்கு அவரு போனாரு?"

அதில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இனி ஒவ்வொரு முறையும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

நாளையும் மழை என்கிறார்கள்.