தேத்தண்ணி குடிக்காத மகேசு

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் ஒரே பனிமூட்டம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் நமுனுகுல மலை கண்ணில் படவில்லை. இவர் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தார், பதுளைக் கிளினிக்கிற்கு.

போன வாரம், தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் கைக்குழந்தை. கொழுந்தெடுக்கப் போன தாய் திரும்பி வரும்வரை அது என் பொறுப்பு. விழுந்திருந்தால்? அந்தப் பயத்தில்தான் போனதே.

ரத்தத்தில் இரும்பு ரொம்பக் குறைவாம். மாதாமாதம் அதிகமாகப் போவதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். திடீரென்று ஒரு கேள்வி:

"பச்சரிசி எடுத்து மெல்லுவீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

"இரும்பு கொறஞ்சா சில பேருக்கு அப்பிடி ஆச வரும். வெக்கப்பட ஒண்ணுமில்ல."

பக்கத்தில் இருந்த இவர், "அப்ப எலி இல்லையா டாக்டர்? நான் பொறி வாங்கி வச்சிருக்கேனே!"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் மிஸ் எட்டிப் பார்த்தார்.

மறக்காமல் இருக்க: இரும்பு மாத்திரை, தினம் ஒன்று. வெறும் வயிறு. புளிப்பான தோடம்பழச் சாறோடு போட்டால் நல்லது. வயிறு பிரட்டினால் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். தேத்தண்ணி, பால் சேர்ந்து கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது, பெரிய ஆபத்து. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வரும் வழியில் கருவாடு, துணி துவைக்கச் சவர்க்காரம், தோடம்பழம்.

பெப். 11

முதல் மாத்திரை. சிவப்பு, வழவழவென்று. போட்டுவிட்டுத் திரும்பினால் இவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை. கல்யாணமான நாளிலிருந்து காலைத் தேத்தண்ணி இவர் கையால்தான். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், சாயம் பார்த்து, ஆற்றி, நுரையோடு தருவார்.

"டாக்டர் சொன்னாங்களே" என்றேன்.

"ஒரு வாய்தானே?"

"ஒரு வாயும் வேணாம்."

இரண்டு கோப்பையையும் அவரே குடித்தார். முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு தேத்தண்ணி வேண்டாம் என்கிறவள் நான் ஒருத்திதான்.

பெப். 12, போயா

பௌர்ணமி விடுமுறை. இவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். மாத்திரையை எழுந்தவுடன் போடுவது. தேத்தண்ணியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எனக்குக் கொடுத்துவிடுவது. பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்ததும் குடிக்கலாம். ஃபிளாஸ்க் மூடியில் 'பத்து மணி' என்று பேனாவால் எழுதியிருக்கிறார். என்னவோ நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

பெப். 14

எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் கக்கூசுக்குப் போனால் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. நடுங்கிப்போய் இவரைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கே சொன்னாங்களே, கறுப்பாத்தான் போகும்ன்னு. தார் மாதிரி ஒட்டுனாலோ வயிறு வலிச்சாலோதான் உடனே வரச் சொன்னாங்க."

எலிப்பொறி மனிதர் இவ்வளவு கவனமாகக் கேட்டாரா! எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அன்று அரிசி வெட்கத்திலேயே இருந்துவிட்டேன் போல.

கொஞ்சம் மலச்சிக்கல். வல்லாரைச் சம்பல், நிறையத் தண்ணீர்.

பெப். 19

இன்று உயிர் போய் வந்தது.

வயிறு பிரட்டியதால் காலையில் மாத்திரை போடவில்லை. பத்து மணி ரொட்டிக்குப் பிறகு போடலாம் என்று பையில் போட்டு எடுத்துப் போனேன். முட்டாள்தனம். அடுப்பில் பால் பொங்கியது, இறக்கிவிட்டுத் திரும்பினேன். இரண்டு வயது யாழினி என் பையைக் கவிழ்த்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கையில் மாத்திரை அட்டை. ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது.

"முட்டாய்" என்றது.

பிடுங்கி எண்ணினேன். எண்ணிக்கை தப்பி மறுபடி எண்ணினேன். எல்லாம் இருந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் அழுதேன், அது அட்டை போன கோபத்தில் அழுதது. ஒன்றாவது விழுங்கியிருந்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். சாயங்காலம் அதன் தாயிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க பாத்தீங்களே அக்கா, அது போதும்" என்றாள்.

இனி மாத்திரை வீட்டில்தான். அலுமாரியில், பூட்டி.

பெப். 24

இரண்டு வாரம். பின்னேரம் பிள்ளைக்காம்பரா மேட்டில் ஏறும்போது பாதியில் நிற்கவில்லை. மேலே போன பிறகுதான் அது உறைத்தது. மறுபடி கீழே இறங்கி, சும்மா இன்னொரு தடவை ஏறினேன். யாரும் பார்க்கவில்லை.

பெப். 26, சிவராத்திரி

வெயில். கோயிலுக்குப் போனால் எல்லாப் பெண்களும் என் வயிற்றையே பார்க்கிறார்கள். ஒருத்தி இடம் விட்டு நகர்ந்து, "கீழ உக்காராதீங்க அக்கா, பாய் போடுறேன்." இன்னொருத்தி மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கையில் வைக்கிறாள்.

பிறகுதான் விளங்கியது. தேத்தண்ணி வேண்டாம் என்கிறேன், காலையில் வயிறு பிரட்டுகிறது, புளிப்பாகப் பழம் தின்கிறேன், கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கிற அதே சிவப்பு மாத்திரை. லயம் முழுக்க, வரிசையில் இருக்கிற அத்தனை வீடும், முடிவு கட்டிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு!

ஃபேக்டரியில் இவருக்குக் கை கொடுத்து வாழ்த்தினார்களாம்.

"நீங்க இல்லன்னு சொல்லலியா?"

"சொன்னேன். மெதுவா சொன்னேன்."

கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கிறார் மனிதர்.

மார்ச் 2, ஞாயிறு

மகள் திவ்யா கொழும்பிலிருந்து போன். துணிக்கடையில் வேலை. எடுத்ததும், "அம்மா, எனக்குத் தம்பியா தங்கச்சியா?"

"உனக்கு ஒதை."

"இல்லம்மா, நான் சண்டை புடிக்கல. எனக்கு ஓகே."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அத்தைதான்."

அத்தை என்றால் பூங்கொடி, இவருடைய தங்கச்சி. லயத்தில் பக்கத்துக் காம்பரா, நடுவில் ஒரே சுவர். பசறை பேக்கரியில் வேலை செய்கிற முருகையாவின் மனைவி. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம், பிள்ளையில்லை. கேட்டுச் சலித்து இப்போது யாரும் கேட்பதுமில்லை. கோபமாகப் போனேன். அவள் ஒரு பழைய பால்கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திவ்யா சின்னதில் குடித்த கோப்பை.

"ஒங்களுக்குத்தான் அண்ணி, எடுத்து வச்சேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. "ரத்தம்தான் கொறவு பூங்கொடி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 5

பூங்கொடி வந்தாள். ஒரு மாதமாகத் தலை சுற்றல், சோர்வு, கொழுந்துக்கூடை கனக்கிறது.

"எனக்கும் ரத்தம் கொறஞ்சிருக்கும் அண்ணி. அந்த மாத்திரையில ஒரு அட்ட குடுங்க."

கொடுக்க மாட்டேன் என்றேன். சோர்வுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், சோதிக்காமல் போடக் கூடாது, சிலருக்குக் கெடுதலாகிவிடும் என்று நர்ஸ் மிஸ் தெளிவாகச் சொன்னார்.

"மாத்திரைக்குக்கூடவா அண்ணி கணக்குப் பாப்பீங்க?"

"பதுளைக்கு என்கூட வா. திங்கக்கெழம போறேன்."

"ஒரு நாள் சம்பளம் போயிரும்."

படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இவருக்கும் என்மேல் வருத்தம். "குடுத்திருக்கலாம், தங்கச்சிதானே." நான் அசையவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை.

மார்ச் 7

அவள் பேசவில்லை. குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வேண்டுமென்றே அவள் குடத்தையும் நிரப்பி வைத்தேன். எடுத்துக்கொண்டு போனாள், பேசாமல்.

மார்ச் 9

மாலை அவளே வாசலில். "எத்தன மணி பஸ்?" நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் மயங்கப் பார்த்தாளாம், கங்காணி பிடித்து உட்கார வைத்தாராம்.

மார்ச் 10, திங்கள்

எங்கே தொடங்குவது.

முதலில் என்னுடையது. எட்டரையாக இருந்த ரத்த அளவு பத்தைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். நிறுத்திவிடக் கூடாதாம். அளவு சரியான பிறகும் சில மாதம் போட்டால்தான் உடம்பில் கையிருப்பு சேருமாம். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. பச்சரிசி ஆசை? யோசித்துப் பார்த்தேன். எப்போது போனதென்றே தெரியவில்லை.

பிறகு பூங்கொடி. டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், கேள்வி கேட்டார்.

"மாச வெலக்கு கடைசியா எப்ப வந்துச்சு?"

"எனக்கு எப்பவுமே ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளித்தான் வரும் டாக்டர். கணக்கே வைக்கிறதில்ல."

ரத்தத்தோடு சிறுநீரும் சோதிக்க எழுதினார். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், சிரித்தார்.

"நீங்க அம்மாவாகப் போறீங்க."

பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். "அண்ணியத்தானே சொல்றீங்க?"

"இல்லம்மா. ஒங்களத்தான்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். நானும் சேர்ந்துகொண்டேன். நர்ஸ் மிஸ் கதவைச் சாத்தினார்.

இன்னும் ஆரம்பம்தான், கவனம் என்றார் டாக்டரம்மா. ரத்தமும் கொஞ்சம் குறைவுதான். அவளுக்கென்று தனியாக மாத்திரை. "இங்க குடுக்கிறத மட்டும்தான் போடணும், கடையில வாங்கி எதையும் விழுங்காதீங்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து முருகையாவுக்குப் போன். பேக்கரித் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பூங்கொடி, அங்கயே இரு. அடுப்ப வேற ஆள்ட்ட குடுத்துட்டு வர்றேன்."

மார்ச் 11

சாரல். போர்வையை எடுக்கவே மனமில்லாத குளிர்.

இவர் நேற்றே ஃபேக்டரிக்குப் போய்ச் சொல்லிவிட்டார், உரக்க. யாரும் நம்பவில்லையாம். "போன தடவையும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்று சிரித்தார்களாம். குழாயடியிலும் அதே கதை. "ரத்தம் கொறவா இருக்கும், வேறென்ன" என்று ஒருத்தி பூங்கொடிக்கே வைத்தியம் சொல்லியிருக்கிறாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் வாந்தியெடுக்கிற சத்தம். கூடவே முருகையாவின் குரல், "எடு புள்ள, நல்லா எடு!" சாமி வந்தவன் மாதிரி கத்துகிறான்.

அடுப்படியிலிருந்து இவர், "மகேசு, கேட்டுச்சா?"

கேட்டது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.