உன் வாசல் வரை

என் செல்லத்துக்கு,

தையற்கடையில் தலைக்கு மேல் வேலை, அதனால்தான் உன் மசக்கைக்குத் துணையாக வர முடியவில்லை என்று போனில் சொன்னேனே, அது பொய். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வாந்தி என்றால் பயம். சிரிக்காதே. சின்ன வயதில் நீ வாந்தி எடுத்தபோதெல்லாம் அப்பாதானே உன் தலையைப் பிடித்தார்? பஸ் பயணத்துக்கென்று வாங்க ஆரம்பித்த வாந்தி மாத்திரையை இப்போது தினமும் நாலு விழுங்குகிறேன். போடாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காது. "அக்கா, இது மிட்டாய் இல்லக்கா, டாக்டரைப் பாருங்க" என்று மருந்துக்கடைக்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக் கதவில் ஒரு பழப்பை தொங்கியதே, அதை மாட்டியது நான்தான். இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த நேரம். மணியை அழுத்தப் போனேன், உள்ளே நீ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. "அம்மா... அம்மா..." என்றாய். என் கை அப்படியே நின்றுவிட்டது.

உடம்புக்கு முடியாதபோது யாராக இருந்தாலும் அம்மா என்றுதான் கத்துவார்கள், அவள் என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று மாடிப் படிகளையும் இறங்கினேன்.

உன் அம்மா