பங்கர் என்று கூப்பிட்டால்

பெப்ரவரி 10, செவ்வாய், இரவு

இன்று காலை பெரட்டில், வேலைக்கு வந்தவர்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் பதில் சொல்லவில்லை.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது அம்மா என்னைப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் பெற்றாள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பூனாகலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து கோகிலா என்ற என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்திலும் பங்கர்தான். பாதியில் நின்று கொழுந்து பறிக்க வந்த பிறகும் பங்கர்தான்.

“பங்கர் வந்திருக்கா?” என்றார் கங்காணி.

பேசாமல் நின்றேன்.

“கண்ணு முன்னாடிதானே நிக்கிற? வாயில என்ன கொழுக்கட்டையா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏ புள்ள, இருக்கேன்னு சொல்லிரு. இல்லாட்டி இன்னைக்கு வேலை இல்ல,” என்றாள் பக்கத்தில் நின்ற ராணி அக்கா.

சொல்லவில்லை. எல்லோரும் மலைக்குப் போனார்கள். அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் வெறுங்கூடையோடு லயத்து வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அம்மா திட்டவில்லை. இப்போது படுத்த பிறகுதான் கேட்டாள்.

“நாளைக்கும் அப்படித்தான் கூப்புடுவாரு. என்னடி செய்யப் போற?”

“இன்னைக்கு மாதிரியே நிப்பேன்.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

“என் பேரு ஒனக்கு முன்னாடி வரும். நானும் வாயத் தொறக்க மாட்டேன். லைட்ட அணை.”