மோட்டார் சைக்கிள் வரும் வரை

அன்பு மகள் ரஞ்சுவுக்கு,

ஜானகி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நாங்கள் நலம். உன் நலத்தை வளையல்காரி ஹசினா வந்து சொன்னாள். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. உன் கைபேசியை மாமியார் பிடுங்கி வைத்திருக்கும்போது வேறு வழி ஏது? படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

"அரக்கு வளையல் ஏத்தலாம்னு கையப் பிடிச்சேன் அக்கா, புள்ள அலறிடுச்சு. முழங்கை வரைக்கும் கொப்புளம். கரண்டிக் காம்பைக் காய்ச்சி இழுத்திருக்காங்க" என்றாள். ஒரு முறம் அரிசியைக் கொடுத்து, வெளியே மூச்சு விடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

கோஜாகரா பௌர்ணமிக்கு நாங்கள் அனுப்பிய மக்கானாப் பொரி ஊருக்குப் பங்கிடப் போதவில்லை என்றுதானே இத்தனையும்? கல்யாணமான முதல் வருஷம், பெண் வீட்டிலிருந்து வரும் மக்கானாவை வைத்துத்தான் ஊர் எடை போடும் என்பது எனக்குத் தெரியாதா? குளத்தில் மக்கானா விதை விளைச்சல் இல்லை, நான் என்ன செய்ய? "இது சம்பந்தி வீட்டுச் சீரா, கோழிக்குப் போடுற தீனியா?" என்று உன் மாமியார் கேட்டாளாம். அவள் வாயில் புழு வைக்க. ஆனால் மக்கானா வெறும் நொண்டிச் சாக்கு. மாப்பிள்ளைக்குச் சொன்ன மோட்டார் சைக்கிள் இன்னும் வரவில்லை, அதுதான் விஷயம்.

உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "போய்க் கூட்டிட்டு வந்துடறேன். உப்போ சத்துமாவோ, நம்மகூடத் தின்னுட்டுக் கெடக்கட்டும்" என்றார். நான்தான் வாசலில் மறித்தேன். வாழாவெட்டி ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருந்தால் உன் அண்ணன் லலனுக்கு எவன் பெண் கொடுப்பான்? அன்றிலிருந்து அவர் என் கையால் சாப்பிடுவதில்லை.

வருகிற அகஹன் மாதம் லலனுக்கும் பபிதாவுக்கும் கல்யாணம். பெண் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டிருக்கிறேன். வந்த சூட்டோடு, அதில் போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல், உன் மாமியார் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். லலன் மூஞ்சியைத் தூக்குவான், தூக்கட்டும்.

போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் அரசாங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வரதட்சிணைச் சட்டத்தை இன்னும் இறுக்கலாமா என்று ஊரைக் கேட்க வந்திருந்தார்கள். நம் பழைய கணக்கு வாத்தியார் எழுந்து, "இறுக்கினா பொண்ணுங்க பொய் கேஸ் போட்டே குடும்பத்த அழிச்சிடுவாளுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் கேஸுக்காக எவ சார் தன் கையத் தானே சுட்டுக்குவா? வாங்குறவன ஜாமீன் இல்லாம உள்ள தள்ளுங்க, மாமியாக்காரியையும் சேர்த்து!" என்று கத்திவிட்டேன். ஒரே கைதட்டல். வந்திருந்த அதிகாரி அம்மா, "உங்க வீட்டுல யாருக்காவது இப்படி நடந்திருக்கா? பேர் சொல்லுங்க, இப்பவே எழுதிக்கறேன்" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன் ரஞ்சு.

அன்று சாயங்காலமே பபிதாவின் அப்பா ராம்சோகித் வந்தார். நெல் அறுப்பு முடியும் வரை வண்டிக்குத் தவணை கேட்டார். "வண்டி வரலன்னா மாப்பிள்ளையும் வரமாட்டான். உங்க பொண்ண ஊறுகா போட்டு வச்சுக்குங்க" என்றேன். மனுஷன் கோபப்படவில்லை. "காலையில நீங்க பேசினப்ப முதல்ல கை தட்டினது நான்தான் சம்பந்தியம்மா. நம்ம பபிதா நல்ல வீட்டுக்குத்தான் போறான்னு சந்தோஷப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் தவணை தரவில்லை. இருக்கிற ஒரே வயலை விற்கப் போகிறாராம். விற்கட்டும், எனக்கு என் மகள். அடுத்த கோஜாகராவுக்குப் பபிதா வீட்டு மக்கானா நம் வாசலுக்கு வரும். குறைவாக வந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அதுவரை போலீஸ், வழக்கு என்று எங்கும் போய்விடாதே. விஷயம் வெளியே வந்தால் ராம்சோகித் கல்யாணத்தை நிறுத்திவிடுவார், வண்டியும் போச்சு. பல்லைக் கடித்துக்கொள், தாயே.

ஹசினாவிடம் புண்ணுக்குக் களிம்பும் இரண்டு பருத்திப் புடவையும் கொடுத்திருக்கிறேன். அடுப்படியில் இதையே கட்டு. கல்யாணத்துக்கு எடுத்த நைலான் புடவைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டு. மண்ணெண்ணெய் டப்பா இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று தினமும் பார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். அடுப்படிக் கதவின் வெளித் தாழ்ப்பாளை யாரும் பார்க்காதபோது கழற்றிக் குளத்தில் எறிந்துவிடு.

உன் வகிட்டுச் சிந்தூரம் நூறு வருஷம் நிலைக்கட்டும், மகளே. அகஹன் வரைக்கும் எப்படியாவது இருந்துவிடு.

உன் அம்மா