நீல மையில் 160

விழுப்புரம்
15.2.2025

பிரான்சிஸ்,

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.52. என் அலைவரிசையில் பதினான்கு விமானங்கள். எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் உன் நினைவில் எண்ணிப் பார். ஆறு நிமிடம் முன்னால் இருக்கையை என்னிடம் விட்டுப் போனவன் நீதான்.

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். விசாரணை முடியும்வரை நம்மை வேலையிலிருந்து ஊருக்கு அனுப்பி, நாம் இருவரும் சந்திக்கவோ போனில் பேசவோ கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று அதில் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அக்கா அன்புச்செல்வி, "தோ இருக்கிற திண்டிவனத்துக்கு லெட்டரா? இன்னாடா, லவ்வு கிவ்வா?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

என் வாக்குமூலத்தில் இப்படி எழுதப்போகிறேன். தப்பிருந்தால் சொல்.

"தரையிறங்க வரும் விமானங்களுக்குத் திசை, உயரம், வேகம் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதைக்கு நேரே நிறுத்தி டவரிடம் ஒப்படைப்பது எங்கள் வேலை. பெரிய விமானம் போன வழியில் காற்று சுழன்றுகொண்டே கிடக்கும். அதனால் பின்னால் வரும் சிறியதற்கு ஐந்து மைல் இடைவெளி விட வேண்டும். 9.46-க்கு பிரான்சிஸிடமிருந்து பொறுப்பேற்றபோது ஐந்து மைல் இருந்தது. ஆனால் பெரியதன் வேகத்தை அவர் முன்பே 160 நாட், அதாவது மணிக்கு 160 கடல் மைல், ஆகக் குறைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. பின்னால் வந்ததை நான் 180-இல் விட்டேன். 9.52-க்கு இடைவெளி மூன்று மைல். சிறிய விமானம் ஆட்டம் கண்டது. இறங்காமல் மேலே ஏறச் சொன்னேன். யாருக்கும் அடி இல்லை."

என் கேள்வி ஒன்றுதான். ஏன் சொல்லவில்லை? ஆள் மாறும்போது சொல்ல வேண்டியவை எட்டு. சொல்லி முடித்தபின் பழைய ஆள் ஐந்து நிமிடம் புது ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நான் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. எங்கே போனாய்?

குமரேசன்

திண்டிவனம்
18.2.2025

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்த ஒரு வரிக்கு நன்றி. மீதியைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினாயா?

டீ குடிக்கப் போனேன். உன் பின்னால் நிற்காதது என் தப்பு, அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் 160 என்று பெரியதன் விவரம் குறிக்கும் ஸ்ட்ரிப் தாளில் எழுதி உன் முன்னால்தான் வைத்தேன். சொல்லவும் வாயெடுத்தேன். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நீயே நிதானமாக யோசி. நான் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும். திரையிலும் அதன் வேகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பதினான்கில் ஒன்றைத் தவறவிடுவது எனக்கும் நடக்கும், குத்திக்காட்டவில்லை.

அம்மா மல்லாட்டைக் கடலை அவித்தாள். "ஆவி அடங்கறதுக்குள்ள வந்து நிப்பானே கொமரேசன், இப்ப இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கிக்கினு கீறான்?" என்கிறாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். நீ தூங்குகிறாயா? எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்,
பிரான்சிஸ்

விழுப்புரம்
20.2.2025

திரு. பிரான்சிஸ் அவர்களுக்கு,

யோசித்துவிட்டேன். இன்று காலை பதினொரு மணிக்கு ஸ்ட்ரிப்பின் கலர் நகல் தபாலில் வந்தது. ஒன்பது இடத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எட்டு கருப்பு மை. 160 மட்டும் நீலம்.

உங்களிடம் இருந்தது கருப்புப் பேனா. அந்த ஒரு எண் மட்டும் எப்படி நீலமாகும்?

இன்னொன்று. அன்று 10.20-க்கு நீங்களும் மேற்பார்வையாளர் சீனுவாசன் சாரும் ஸ்ட்ரிப் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர் என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தட்டிக் கொடுக்கிற ஆள் இல்லை.

நடந்த பிறகு எழுதிச் சேர்த்த எண் அது என்று சந்தேகிக்கிறேன். அப்படியே வாக்குமூலத்தில் எழுதி இன்று மதியம் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதனால் உங்கள் ரேட்டிங், ரேடாரில் உட்காரும் உரிமமே, போகலாம். என்னுடையது போகக் கூடாது. ரேடார் முன்னால் உட்கார இரண்டு வருடம் படித்தேன். இன்னொருவர் மறைத்ததற்காக எழுந்து போக மாட்டேன்.

அம்மாவிடம் இனிப் பொய் சொல்ல வேண்டாம்.

ப. குமரேசன்

திண்டிவனம்
25.2.2025

குமரேசனுக்கு,

நேற்று என்னை விசாரித்தார்கள். நம் இருக்கைக்கு மேலே ஒரு மைக் இருக்கிறது. அறையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று முதல் நாளே சொன்னார்கள், நாமெல்லாம் மறந்துவிட்டோம். 9.45-இலிருந்து போட்டுக் காட்டினார்கள். வெளியே சொல்லக் கூடாதுதான். எழுதுகிறேன்.

நான்: பேனா தீந்துபோச்சி. உன்னுத குடு.

நீ: இந்தா. கத எழுதாம ஜல்தியா வுடு.

நான்: எழுதிட்டேன், இங்க பாரு. முன்னாடி போற பெருசு இருக்குதே, அத...

நீ: பாத்துக்கினேன், பாத்துக்கினேன். எனக்கும் கண்ணு இருக்குது. டீ ஆறிடும், போ.

நான்: டேய், முழுசா கேளுடா.

நீ: நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது எறங்கி பார்க்கிங்குக்கே போயிடும். ஏந்துரு மச்சான்.

அதன்பின் நாற்காலி இழுக்கிற சத்தம். நான் சிரிக்கிற சத்தம். நான் சிரித்ததைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

அந்த நீலப் பேனா உன்னுடையது. சீனுவாசன் சாரிடம் நான் பேசியது உன்னைப் பற்றித்தான். "அவன் ரொம்ப ஆடிப்போயிருக்கான் சார், இன்னிக்கு மறுபடி சீட்ல வெக்காதீங்க" என்றேன். அதனால்தான் உன்னைப் பார்த்ததும் நிறுத்தினோம்.

நீ குறுக்கே பேசியதை என் வாக்குமூலத்தில் எழுதவில்லை. சொல்லி முடிக்காமல் எழுந்தேன் என்றுதான் எழுதினேன், அதுவும் உண்மைதானே. ஆனால் உன் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். நான் எண்ணைத் திருட்டுத்தனமாகச் சேர்த்தேன் என்கிற வரியை நான் படிக்கும்போது அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3 உன் முறை. எனக்கு வேறு ஷிப்ட் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். நாம் சேர்ந்திருக்கும் விடுதி அறையையும் மாற்றிக்கொள்கிறேன். இடைவெளி குறைந்ததற்காக இல்லை. நீ என்னைக் கேட்காமலே அந்த வரியை எழுதி அனுப்பியதற்காக.

பிரான்சிஸ்

விழுப்புரம்
28.2.2025

பிரான்சிஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இதையும் இவன் இட்டுக்கட்டிச் சொல்கிறானோ என்றுதான். அந்த அளவுக்குப் போயிருக்கிறேன். பிறகு "எனக்கும் கண்ணு இருக்குது" என்ற இடத்துக்கு வந்தேன். நான்தான் அப்படிப் பேசுவேன். அக்காவிடம் கூட நேற்று அதையே சொன்னேன்.

பேனா கொடுத்தது சுத்தமாக மறந்துபோனது என்று சொன்னால் நம்புவாயா? நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதனால் நம்பு என்று கேட்கவில்லை. மன்னிப்பும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. இது உனக்கு மட்டும்தான் வருகிறது. உன்மேல் பழி போட்டதை நான் நான்கு பேர் படிக்கிற தாளில் எழுதினேன்.

செய்யப்போவது:

1. மார்ச் 3, திங்கள், காலை பத்து மணி. டேப்பைப் போடுவதற்கு முன்பே, பேனா என்னுடையது, எண் என் கண்ணெதிரே எழுதப்பட்டது, அவனைப் பேச விடாமல் எழுப்பிவிட்டவன் நான் என்று கைப்பட எழுதிக் கொடுப்பேன். டேப் ஓடியபின் சொன்னால், மாட்டிக்கொண்டவன் சொல்வதாகத்தான் ஆகும்.

2. உன்மேல் எழுதியதைத் திரும்பப் பெறுவேன். நகல் உனக்கு வரும். என்னை நம்பாமல் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

3. அறையை நீ மாற்ற வேண்டாம். நான் காலி செய்கிறேன்.

4. என் ரேட்டிங்கை எடுத்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கவனிக்க யார் வேண்டும் என்று கேட்டால், உன் பெயரைச் சொல்வேன். முடியாது என்று நீ எழுதிக் கொடுக்கலாம். ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

குமரேசன்